யாருக்காவது சளி, இருமல்?

“யாருக்காவது சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஏதாவது இருக்கிறதா?”

சிம்பன்சிகளைப் பார்க்கப் போயிருந்தோம். உகாண்டாவில் கிபாலே காட்டுக்குள், கன்யாஞ்சு முகாமில், காலை ஏழே முக்கால் மணிக்கு ஒரு பெண் ரேஞ்சர் எங்களிடம் இப்படிக் கேட்டார். என் தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். ‘வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருடா’ என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு பார்வை உண்டு, சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது பழக்கம்.

முந்தின நாள் காலையிலிருந்தே அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, வெந்நீரும் மிளகு ரசமும் போதும் என்கிற அளவுக்குத்தான். ஒரு ஆளுக்கு 250 டாலர் அனுமதிச் சீட்டு, கம்பாலாவிலிருந்து ஒரு முழு நாள் கார் பயணம், இதற்காகவே கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிற அக்கா. தூசி அலர்ஜி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று காரிலேயே அவனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அவன் கையைத் தூக்கிவிட்டான்.

இதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திரும்பி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது அதைத்தான்: எவ்வளவு ஆகும், எவ்வளவு தூரம் நடக்கணும், நிச்சயமாகப் பார்த்துவிடலாமா.

தம்பி கம்பாலாவில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலையில் இருக்கிறான். பல வருடமாக வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குரங்கு விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வால்பாறை. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடப்பதை காரில் உட்கார்ந்தபடியே, கையில் டீயோடு, பார்த்திருக்கிறேன். சிம்பன்சியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் நடக்கணும் அவ்வளவுதான் என்ற நினைப்பில் கிளம்பினேன். ஐம்பதைத் தொடப்போகும் முட்டி இரண்டும் அந்த நினைப்பை அப்போதே ஏற்கவில்லை.

கிளம்புவதற்கு முன் செய்யவேண்டியதில் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவுக்குள் நுழைய அந்தச் சான்றிதழ் கட்டாயம். அதைவிட முக்கியம், இந்தியாவுக்குத் திரும்பி வரும்போது நம்ம ஊர் விமான நிலையத்திலேயே அதைக் கேட்பார்கள், இல்லை என்றால் தனிமைப்படுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் உண்டு. நான் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டேன். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே டிக்கெட் போட்ட கையோடு இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். மலேரியா மாத்திரை தனி, அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விசா இணையத்திலேயே வாங்கலாம், 50 டாலர். மும்பையிலிருந்து உகாண்டாவின் என்டெபே விமான நிலையத்துக்கு 2023 முதல் நேரடி விமானம் இருக்கிறது, எனக்கு அதுவே சௌகரியமாக இருந்தது.

டாலர் நோட்டு விஷயமும் சொல்லணும். நான் கொண்டுபோன நூறு டாலர் நோட்டுகளில் ஒன்று 2006இல் அச்சடித்தது. பணம் மாற்றும் கடையில் அதைத் தொடக்கூட மாட்டேன் என்றார்கள். பழைய நோட்டு, ஓரம் கிழிந்தது, நடுவில் மடிப்பு விழுந்தது எதுவும் அங்கே போகாது. அந்த நோட்டு இப்போதும் என் பீரோவில்தான் இருக்கிறது.

அனுமதிச் சீட்டை உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் கம்பாலா அலுவலகத்தில் தம்பியே இரண்டு மாதம் முன்னாடி போய் வாங்கிவிட்டான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் மழை குறைவு, அந்த மாதங்களில் கூட்டமும் அதிகம், கடைசி நேரத்தில் கிடைக்காது. 2024 ஜூலையிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு 250 டாலர், நம்ம பணத்தில் 20,000 ரூபாய்க்கு மேல். அங்கேயே வேலை பார்க்கும் தம்பி மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் பணத்துக்குச் சிம்பன்சிகளோடு ஒரு மணி நேரம். ஒரு மணி என்றால் ஒரு மணி, ரேஞ்சர் கடிகாரம் பார்க்கிறார். நாள் முழுக்க கூடவே அலையும் வேறு ஒரு அனுமதியும் இருக்கிறது, 400 டாலர், அதற்கு எனக்குப் பணமும் இல்லை முட்டியும் இல்லை.

கம்பாலாவிலிருந்து முபெண்டே வழியாக ஃபோர்ட் போர்ட்டல் வரை சுமார் 300 கிலோமீட்டர். ரோடு நன்றாகவே இருக்கிறது, ஆனால் கம்பாலாவை விட்டு வெளியே வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். பாதி ரோடு மோட்டார் சைக்கிள் டாக்சிகள்தான், அதற்கு அங்கே பெயர் ‘போடா போடா’. தம்பி வழியெல்லாம் “போடாவைப் பாரு, போடா வர்றான்” என்று சொல்லிக்கொண்டே ஓட்ட, நான் முதல் ஒரு மணி நேரம் சிரித்தேன். வழியில் ரோலெக்ஸ் சாப்பிட்டோம். கடிகாரம் இல்லை, சுடச்சுட சப்பாத்திக்குள் ஆம்லெட்டை வைத்துச் சுருட்டித் தருவார்கள். சப்பாத்தி அங்கே போனது ரயில் பாதை போடவும் கடை வைக்கவும் போன நம்ம நாட்டுக்காரர்களோடு. 1972இல் இடி அமீன் ஆசியர்களை எல்லாம் நாட்டைவிட்டுத் துரத்தினார், சப்பாத்தியை யாரும் துரத்தவில்லை.

இந்தப் பயணம் முழுக்க ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஆறு ஏழு மணி நேரம், தும்மிக்கொண்டே ஓட்டும் தம்பிக்குப் பக்கத்து சீட்டில் நான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்ட் போர்ட்டல் எனக்கு ரொம்பப் பிடித்தது. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், மேகம் விலகினால் ருவென்சோரி மலை, கொஞ்ச நேரத்துக்கு வால்பாறையில்தான் இருக்கிறோமோ என்று தோன்றும். அங்கிருந்து கன்யாஞ்சு 35 கிலோமீட்டர் சுமார், நல்ல தார் ரோடு. ஆனாலும் எட்டு மணிக் குழுவுக்கு ஏழரைக்கே போய்விட வேண்டும், ஆகவே அந்தப் பக்கத்திலேயே தங்குவது உத்தமம். நாங்கள் ஊரில் தங்கிவிட்டு விடிவதற்கு முன் கிளம்பினோம், தம்பிக்கு அந்தக் குளிரில் சளி இன்னும் கூடிப்போனது.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். ஒரு ரேஞ்சருக்கு ஆறு பேர். எங்கள் ரேஞ்சர் தன்னை அகிகி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அது அவர் பெயர் இல்லை, அந்தப் பக்கத்து டோரோ மக்களின் செல்லப்பெயர்களில் ஒன்று. அந்த வழக்கத்துக்கு எம்பாகோ என்று பெயர். ஒரு பன்னிரண்டு பெயர்தான் மொத்தமே, ஊரே அதைப் பகிர்ந்துகொள்ளும், பிரியமாகவோ மரியாதையாகவோ கூப்பிட வேண்டுமானால் அந்தப் பெயர்தான். யுனெஸ்கோ 2013இல் இதை உடனே காப்பாற்ற வேண்டிய மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. எங்களுக்கும் ஆளுக்கொரு எம்பாகோ கொடுத்தார். எனக்கு அபூலி, தம்பிக்கு அமோட்டி. பெயர் வைத்த கையோடுதான் அந்தக் கேள்வி.

தம்பி கையைத் தூக்கியதும் அகிகி அவனைத் திட்டவோ சமாதானம் சொல்லவோ இல்லை. “நன்றி அமோட்டி, நீங்கள் இங்கேயே இருக்க வேண்டியிருக்கும்” என்றார், அவ்வளவுதான். பணம் திரும்பக் கிடைக்குமா என்று அவன் கேட்கவும் இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். “நீ போய்ட்டு வாக்கா, நான் டீ குடிச்சிட்டு இருக்கேன்” என்றான். மற்ற நாலு பேரும் வெள்ளைக்காரர்கள், தமிழில் நான் அவனிடம் என்ன சொன்னேன் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது. நல்லதுதான்.

நடக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடமே அகிகி நின்று, இந்தக் கேள்வி ஏன் என்று சொன்னார். 2013இல் இதே கிபாலே காட்டில், கன்யவாரா என்ற இன்னொரு சிம்பன்சிக் கூட்டத்தில் திடீரென்று இருமல் பரவியது. அந்தக் கூட்டத்தில் 56 இருந்தன, 5 செத்துப்போயின. இறந்த ஒரு இரண்டு வயதுக் குட்டியைப் பரிசோதித்தபோது கிடைத்தது ரைனோவைரஸ் சி, அதாவது பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் சளி வகையறா. திரும்பி வந்தபிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எந்த மரபணு வேறுபாடு இருந்தால் மனிதக் குழந்தைகளுக்கு இந்த வைரஸ் மோசமாகத் தாக்குமோ, அதே வேறுபாடுதான் பரிசோதித்துப் பார்த்த சிம்பன்சிகள் எல்லாவற்றிடமும் இருந்திருக்கிறது. 98 சதவீதத்துக்கு மேல் நம்ம டிஎன்ஏவும் அதுங்க டிஎன்ஏவும் ஒன்று என்று படித்து ஆச்சரியப்படுகிறோமே, அந்த ஒற்றுமையின் இன்னொரு பக்கம் இது. நம்ம சளி அப்படியே அதுக்கும் ஒட்டும்.

காடு. எப்படிச் சொல்வது. கிபாலே கிட்டத்தட்ட 795 சதுர கிலோமீட்டர், 13 வகைக் குரங்கினங்கள், சிம்பன்சிகள் மட்டும் 1,400க்கு மேல் என்று கணக்கு. ஆனால் உள்ளே நிற்கும்போது தெரிவது பச்சை இருட்டு மட்டும்தான். முகாமிலிருந்து ஐந்து நிமிடத்தில் வெயில் காணாமல் போய்விட்டது. பலகை வேர்கள் ஆளுயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கின்றன. தரையில் அழுகின இலையும் சேறும், நடுவில் ஒரு மேடு, ஒரு சறுக்கல், விழுந்து கிடக்கும் மரம். மலையேற்றம் என்று சொல்ல முடியாது, செங்குத்து அதிகம் இல்லை. ஆனால் சிம்பன்சிகள் பாதையில் நடப்பதில்லை, ஆகவே நாமும் பாதையில் நடப்பதில்லை. கொடியும் முள்ளும் இழுக்கும், அதற்கு நடுவில் வளைந்து, குனிந்து, சில இடத்தில் கிட்டத்தட்ட உட்கார்ந்து போகணும். ஒரு கைத்தடி இரவல் கொடுத்தார்கள், என் முட்டிக்கு அந்தக் குச்சிதான் தெய்வம்.

காலுக்கு என்ன போடுவது என்பது முக்கியம். நான் விலை கொடுத்து வாங்கின டிரெக்கிங் ஷூ போட்டிருந்தேன். உள்ளே சேறு போய் வழுக்கியது. அகிகி போட்டிருந்தது ரப்பர் கம்பூட், நம்ம ஊரில் மாட்டுப் பண்ணையில் போடுவார்களே அதுதான், அவர் வழுக்கவே இல்லை. எது போட்டாலும் சாக்ஸை முழங்கால் வரை இழுத்து பேன்ட்டை அதற்குள் செருகிவிடுங்கள். பார்க்கக் கோமாளி மாதிரி இருக்கும். சஃபாரி எறும்பு வரிசை ஒன்று குறுக்கே போனது, கறுப்புக் கயிறு மாதிரி. “ஓடுங்கள், நிற்காதீர்கள், ஓரத்தை மிதிக்காதீர்கள்” என்றார் அகிகி. எங்களில் ஒருவர் படம் எடுக்க நின்றார், அவ்வளவுதான், அடுத்த நிமிடம் பேன்ட்டைக் கழற்றாத குறையாகக் குதித்துக்கொண்டிருந்தார். கடித்தால் விடாது, பிய்த்துத்தான் எடுக்கணும். கட்டெறும்பெல்லாம் அதற்கு முன்னால் கைக்குழந்தை.

கழிப்பறை வேலையை முகாமிலேயே முடித்துவிடுங்கள். உள்ளே அவசரம் என்றால் ரேஞ்சர் வெட்டுக்கத்தியால் ஒரு குழி தோண்டித்தான் அனுப்புவார். தண்ணீர் ஒன்றரை லிட்டராவது வேண்டும். தீனி கொண்டுபோகலாம், ஆனால் சிம்பன்சி பக்கத்தில் இருக்கும்போது வாயில் எதுவும் போகக்கூடாது. அகிகி தோளில் ஒரு துப்பாக்கி இருந்தது. சிம்பன்சிக்கா என்று கேட்டேன். இல்லையாம், காட்டு யானை வந்தால் வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பயமுறுத்த. யானை என்றதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்து கொஞ்சம் தைரியமாகிவிட்டேன், இது முட்டாள்தனம் என்று தெரியும்.

முதல் ஒன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லை. ‘சிம்பன்சிக் கூட்டம்’ என்றதும் நூறு சிம்பன்சி ஒரே இடத்தில் மாநாடு போட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இருப்பதே இல்லை. இங்கே ஆட்களுக்குப் பழக்கப்படுத்தின கன்யன்டாலே கூட்டத்தில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன, ஆனால் அவை நாலும் ஐந்துமாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து போய்க்கொண்டே இருக்கும். அத்தி பழுத்த மரம் கிடைத்தால் நிறைய சேரும். முந்தின சாயங்காலம் எங்கே கூடு கட்டியது என்று பார்த்து வைத்திருந்தால் காலையில் தேட வசதி. கூடு என்றால் ஒவ்வொரு சாயங்காலமும் புதிது, கிளைகளை மடக்கி இலை போட்டு மெத்தை மாதிரி, பெரும்பாலும் ஒரு ராத்திரிக்கு மட்டும். அகிகி காட்டிய ஒன்று நாற்பது அடி உயரத்தில் இருந்தது. கீழே கிடந்த சாணத்தைக் குச்சியால் கிளறி, அத்தி விதைகளைக் காட்டி, “இன்று காலையில் போனது” என்றார். வாசனையை வைத்து நானும் ஒத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தச் சத்தம்.

முதலில் எங்கோ தூரத்தில் ஊ, ஊ என்று மூச்சை இழுத்து விடுகிற மாதிரி ஆரம்பித்தது. அது ஏறி ஏறி, கடைசியில் கத்தலாக உடைந்தது. உடனே வேறொரு திசையிலிருந்து பதில். அப்புறம் எங்களுக்குப் பின்னாலிருந்து. கூடவே டம், டம், டம் என்று பறை அடிக்கிற மாதிரி, தரையில் நிற்கும் எங்கள் காலுக்குத் தெரிகிறது. பலகை வேர்களைக் கையாலும் காலாலும் அடிக்கின்றன. யானைப் பிளிறல் கேட்டிருக்கிறேன், சிறுத்தை உறுமலும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், இந்த அளவுக்கு முதுகு சில்லிட்டதில்லை. அவை விலங்குச் சத்தம். இது ஆள் சத்தம் மாதிரி இருந்தது, புரியாத பாஷையில் ஒரு ஊரே சண்டை போடுகிற மாதிரி.

“முகமூடி” என்றார் அகிகி. போட்டுக்கொண்டோம். வேகமாக நடக்க ஆரம்பித்தோம்.

ஒரு அத்தி மரத்தடியில் நின்று எல்லோரும் மேலே பார்த்தோம். ஏழெட்டு இருந்தன, உச்சியில், வெளிச்சத்துக்கு எதிராகக் கறுப்பு மூட்டைகளாக. கழுத்து வலிக்க இருபது நிமிடம் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது நாலு கால், ஒரு முதுகு, அவ்வப்போது மேலிருந்து விழும் பாதி கடித்த பழம். ஒரு தடவை பழம் இல்லை, மழையும் இல்லை. “நகருங்கள்” என்று அகிகி சொல்வதற்குள் ஒரு ஜெர்மன்காரரின் தொப்பி நனைந்துவிட்டது. சிம்பன்சி உட்கார்ந்திருக்கும் கிளைக்கு நேர் கீழே நிற்காதீர்கள், இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. காலையில் அவை மேலே சாப்பிட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், வயிறு நிறைந்தபின் கீழே இறங்கும். பகல் பிந்தின குழுவில் போனால் கீழேயே பார்க்கலாம் என்பது தம்பி விசாரித்து வைத்திருந்த கணக்கு, ஆனால் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். ஒன்றை விட்டால்தான் ஒன்று.

இறங்கின. ஒவ்வொன்றாக, தண்டைக் கட்டிக்கொண்டு, தென்னை மரம் இறங்குகிறவர் மாதிரி. எங்களை ஒரு பார்வைகூட பார்க்கவில்லை. இதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. வால்பாறைக் குரங்கு உங்கள் கையைப் பார்க்கும், பையைப் பார்க்கும், பிஸ்கட் இருக்கிறதா என்று கணக்குப் போடும். இவற்றுக்கு நாங்கள் மரத்துக்குச் சமம். 1990களின் தொடக்கத்திலிருந்து தினமும் ஆட்கள் வந்து, எதுவும் கொடுக்காமல், எதுவும் பிடுங்காமல், சும்மா நின்றுவிட்டுப் போய்ப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு தடவை யாராவது வாழைப்பழம் நீட்டியிருந்தால் கதையே வேறாகியிருக்கும்.

பத்து மீட்டர் தள்ளி நிற்கணும் என்பது விதி, ஆனால் அந்த விதி நமக்குத்தான், அவற்றுக்குத் தெரியாது. ஒரு பெரிய ஆண் நேராக எங்கள் பக்கமே வந்தது. அகிகி எங்களைப் பின்னுக்குத் தள்ளினார், அது ஒரு ஆறடி தூரத்தில், கைமுட்டிகளை ஊன்றி, தோள் அசைய, கடந்து போனது. வியர்வையும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாடை. எனக்குக் கால் ஆடியது, பயத்திலா முட்டியா தெரியவில்லை. கொஞ்ச தூரம் போய் இன்னொன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டும் ஆளுக்கொரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கோத்துக்கொண்டு, மற்ற கையால் ஒன்றின் அக்குளில் ஒன்று பேன் பார்த்தன. இப்படிக் கை கோத்துப் பேன் பார்ப்பது எல்லா இடத்துச் சிம்பன்சிக்கும் உள்ள பழக்கம் இல்லை, சில கூட்டங்களில்தான் உண்டு என்று அகிகி கிசுகிசுத்தார். தான்சானியாவின் கோம்பேயில் 1960இல் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் பார்த்தது, குச்சியை விட்டுக் கரையான் பிடிப்பது, அது நமக்கெல்லாம் தெரிந்த கதை, அதையும் பார்த்துவிடலாம் என்று ஆசையோடு வந்திருந்தேன். கிபாலேயில் அந்தப் பழக்கம் கிடையாது, தேன் எடுக்க வேண்டுமானால் குச்சி உபயோகிக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு கைப்பழக்கம். நம்ம ஊரில் கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரிதான்.

ஒரு பெண் சிம்பன்சிக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. காட்டுப்பன்றிக்கும் சின்ன மான்களுக்கும் வைக்கிற கம்பிக் கண்ணியில் மாட்டினது. அந்தக் கண்ணிகளைத் தேடி எடுக்கவென்றே தனியாக ஆட்கள் காட்டுக்குள் நடக்கிறார்கள். அது வயிற்றில் ஒரு குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, மூன்று கை கால்களால் எங்களைவிட வேகமாக மரம் ஏறியது.

இதையெல்லாம் அழகு என்று மட்டும் எழுதிவிட்டால் பொய். திடீரென்று புதருக்குள்ளிருந்து ஒன்று மயிரைச் சிலிர்த்து, கிளையை இழுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து ஓடிவந்தது. ஓடக்கூடாது, பக்கத்து மரத்தை ஒட்டி அசையாமல் நிற்கணும் என்று முகாமிலேயே சொல்லியிருந்தார்கள். நான் நின்றேன், ஓடத் தெரியாததால். அது எங்களுக்காக இல்லை, தன் கூட்டத்துக்குக் காட்டும் வீராப்பு. பக்கவாட்டில் திரும்பி ஒரு பலகை வேரை நாலு உதை உதைத்துவிட்டுப் போய்விட்டது. இதே காட்டின் என்கோகோ பகுதியில் ஆண்கள் கூட்டமாக எல்லைக்குப் போய்ப் பக்கத்துக் கூட்டத்துச் சிம்பன்சிகளை அடித்துக் கொன்று, கடைசியில் 2009இல் அந்த நிலத்தையும் சேர்த்துக்கொண்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டபின் ‘நம்ம சொந்தக்காரன்’ என்ற வார்த்தைக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

கேமராவைப் பற்றி. கறுப்பு விலங்கு, இருட்டுக் காடு, பின்னால் துளித்துளியாக வெள்ளை வானம்: படம் எடுப்பவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை. ஃபிளாஷ் போடக்கூடாது, முகாமிலேயே அணைத்து வையுங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 3200, 6400 என்று கூச்சப்படாமல் ஏற்றிவிடுங்கள், புள்ளி புள்ளியாக வந்தாலும் அசைந்த படத்தைவிட மேல். மேலே மரத்தில் இருப்பதை எடுத்தால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள், இல்லாவிட்டால் நிழல்தான் மிஞ்சும். என்னிடம் இருந்தது 70-300 லென்ஸ், அந்த இருட்டுக்குப் போதவில்லை. நான் எடுத்த 212 படத்தில் உருப்படி ஒன்பது. கைபேசியில் எடுத்த வீடியோதான் பரவாயில்லை. தொலைநோக்கி ஒன்று கொண்டுபோயிருந்தால் மரத்தடியில் நின்ற அந்த இருபது நிமிடமும் வீணாகியிருக்காது.

இன்னொரு தொல்லை, கண்ணாடி. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். வேகமாக நடந்து மூச்சு வாங்க, முகமூடியும் போட்டால் இரண்டு நிமிடத்தில் கண்ணாடி முழுக்கப் புகை. அந்த ஆண் சிம்பன்சி ஆறடியில் கடந்துபோன நேரம் எனக்கு எல்லாம் பனிமூட்டமாக இருந்தது. பொறுக்கமுடியாமல் முகமூடியை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டேன். ஒரு நிமிடம் இருக்குமோ, அதற்குள் அகிகி பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். இருபதாயிரம் கொடுத்துவிட்டுப் பார்க்கக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று எரிச்சலோடு ஏற்றிக்கொண்டேன். தும்மலா இருமலா, எனக்கு ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன்.

ஒரு மணி முடிந்தது என்று அகிகி கை காட்டியபோது அவை இன்னும் அங்கேயே பேன் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. நாங்கள்தான் கிளம்பினோம். திரும்பி நடந்த தூரம் எனக்கு ஞாபகமே இல்லை. ரேஞ்சருக்கும் வழி தேடிக் கொடுத்தவர்களுக்கும் ஏதாவது கொடுக்க உகாண்டா ஷில்லிங்கில் சில்லறை வைத்திருங்கள், காட்டு முகாமில் நூறு டாலரை நீட்டி மீதி கேட்க முடியாது.

தம்பி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். நாலு டீ ஆகியிருந்தது. செங்குரங்கு இரண்டு வந்து போனதாம், கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்கு ஒரு குடும்பமே வந்ததாம், நுனியில் வெள்ளைக் குஞ்சம் வைத்த நீண்ட வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, நம்ம நீலகிரிக் கருமந்திக்குத் தூரத்துச் சொந்தம் அது. சத்தம் கேட்டுச்சா என்றேன். “கேட்டுச்சுக்கா, அந்தக் கொட்டு, மூணு தடவ.” பத்தே முக்காலுக்குக் கேட்டது என்கிறான். என் வீடியோவில் நேரம் பத்தேகால். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. அன்று ராத்திரி மட்டோக்கேவும் (வாழைக்காயை வேகவைத்து மசித்தது) வேர்க்கடலைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே, படங்களைத் தள்ளிவிட்டு அந்த வீடியோவின் சத்தத்தை மட்டும் ஐந்தாறு தடவை போட்டுக் கேட்டான். காலையில் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை, கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

கம்பாலாவுக்குத் திரும்பின மறுநாள் காலை எழுந்தபோது எனக்குத் தொண்டை கரகரத்தது. மத்தியானத்துக்குள் மூக்கு. படுத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினேன்: காரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள், காட்டுக்குப் போன நாள், திரும்பி வந்த நாள், இன்று. காட்டுக்குள் நின்றபோது, எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றபோதே, அது என்னிடம் ஏறியிருக்கும். கையைத் தூக்கச் சொன்ன கேள்வி எனக்கானது என்று எனக்குத் தெரியவே இல்லை. அந்த முகமூடி எனக்காகத்தான் இருந்தது. அதைத்தான் ஒரு நிமிடம் இறக்கியிருந்தேன்.

தம்பி பிப்ரவரியில் மறுபடி போகிறான், சீட்டு வாங்கிவிட்டான். அவனும் இப்போது கண்ணாடி போட ஆரம்பித்திருப்பதால் அவனுக்கு எழுதி அனுப்பியதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். மூக்குக் கம்பி வைத்த முகமூடி வாங்கணும், துணி முகமூடி வேண்டாம். மருந்துக் கடையில் மைக்ரோபோர் டேப் கிடைக்கும், காயத்துக்கு ஒட்டுகிற காகித டேப். முகமூடியின் மேல் விளிம்பை மூக்கோடும் கன்னத்தோடும் சேர்த்து ஒரே நீளமாக ஒட்டிவிட்டு, அதற்கு மேல் கண்ணாடியை உட்கார வைக்கணும். வியர்வையில் முகமூடி நனைந்துபோகும், ஆகவே இன்னும் இரண்டு உபரியாக பிளாஸ்டிக் உறையில். வீட்டிலேயே மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கிச் சோதித்துப் பார்த்தேன். புகை வரவில்லை.